பி.காம். பெண்ணுக்கு எதற்குக் கெமிஸ்ட்ரி?

கல்லூரிகள் திறந்த கையோடு வந்த கடிதங்கள் இவை. மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, வெளியே கட்டாயமாக வைத்திருக்கும் பாடங்களைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். நான் 31 வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள். கடைசி 9 வருடம் மற்றத் துறைப் பிள்ளைகளுக்கான பாடத்தை நானே கேட்டு வாங்கி நடத்தினேன். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், என் மகள் கடலூரில் பி.காம். படிக்கிறாள். இந்த செமஸ்டரில் 'நான்-மேஜர் எலெக்டிவ்' என்று கெமிஸ்ட்ரி துறையில் ஒரு பாடம் போட்டிருக்கிறார்கள். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில் இது எதற்கு? ஃபீஸும் பஸ் செலவும் நாங்கள்தானே கட்டுகிறோம்?
– ஒரு தந்தை, நெல்லிக்குப்பம்

பதில்: நியாயமான கேள்வி ஐயா. தினமும் பஸ் ஏறி வந்து போகிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை. என்னிடம் படித்த ஒரு பி.காம். பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த வருடம் வகுப்பில் 40 பேர். தமிழ், வரலாறு, பி.காம். எல்லாம் கலந்து இருந்தார்கள். வீட்டில் புழங்குகிற தண்ணீரை ஆளுக்கு ஒரு பாட்டிலில் கொண்டு வரச் சொன்னேன். தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருத்தி இரண்டு பாட்டிலோடு வந்தாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் வீட்டு அடிபம்பு தண்ணீர். பன்னிரண்டாம் வகுப்பில் காமர்ஸ் குரூப் எடுத்தவள், பியூரெட்டை, அதாவது அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயை, தொட்டதே கிடையாது. 20 மில்லி அடிபம்பு தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, கொஞ்சம் அமோனியாக் கரைசல் விட்டு, எரியோகுரோம் பிளாக் டி என்ற பொடியை ஒரு சிட்டிகை போட்டதும் தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி சிவந்தது. மேலே பியூரெட்டில் இருந்து இ.டி.டி.ஏ. என்ற கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு போய் நீலம் வந்ததும் நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று படிக்க வேண்டும். நாங்கள் வைத்திருந்த கரைசலுக்கு ஒரு மில்லி என்றால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கடினத்தன்மை. குடிநீருக்கு 200 வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதாவது 4 மில்லியில் நீலம் வந்தால் நிம்மதி. 12 தாண்டினால் யோசிக்க வேண்டும். அவளுக்கு 14 மில்லியில்தான் நீலம் வந்தது.

பியூரெட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "மேடம், இந்தத் தண்ணியில பருப்பு வேகாதுன்னு எங்க ஆயா சொல்லுவாங்க. அதுக்கு இதுதான் காரணமா?" இதுதான் காரணம். தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பில் உள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். அவளுடைய ஆயாவுக்குத் தெரிந்திருந்த ஒன்றை அவள் அன்றைக்கு அளந்து பார்த்தாள்.

ஒரு வருடம் கழித்து அதே பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்க ஒருவர் வந்திருக்கிறார். ஒரு டம்ளரில் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் தன் மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தாராம். வீட்டுத் தண்ணீர் பழுப்பாகிக் கசடு திரண்டது, மெஷின் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. "பாருங்கம்மா, இதைத்தான் புள்ளைங்களுக்குக் குடுக்கறீங்க" என்றதும் அம்மா பயந்துபோய் அட்வான்ஸ் எடுக்க உள்ளே போய்விட்டார். இவள் ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டு வந்து மெஷின் தண்ணீரில் போட்டு, "இப்போ கரண்ட் குடுங்கண்ணா" என்றிருக்கிறாள். அதுவும் பழுப்பானது. உப்பு இருக்கிற தண்ணீரில் கரண்ட் ஓடும், இரும்புக் கம்பி கரைந்து துருவாக வெளியே வரும். அந்தக் கசடு கம்பியுடையது.

அவர்கள் வீட்டு அடிபம்பு தண்ணீர் கடினமானதுதான், அதற்கு ஒரு வழி செய்ய வேண்டியதும்தான். ஆனால் எதற்கு, எவ்வளவு செலவழிப்பது என்பதை பயமுறுத்த வந்தவர் தீர்மானிக்கவில்லை, அவர்களே தீர்மானித்தார்கள். உங்கள் மகளுக்கு டேலி அவசியம்தான் ஐயா, அதைப் படிக்கட்டும். வாரத்தில் இந்த ஓரிரண்டு மணி நேரத்தையும் அவளுக்கு விட்டுக் கொடுங்கள். பாடம் எப்படி நடக்கிறது என்று மட்டும் அவளிடம் விசாரியுங்கள். வெறும் நோட்ஸ் வாசிக்கிறார்கள் என்றால் உங்கள் கோபம் சரிதான். அப்போது கல்லூரியிலேயே போய்க் கேளுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்திருக்கிறேன். வேறு துறையிலிருந்து 3 பாடம் எடுக்க வேண்டுமாம். சீனியர் அக்காக்கள் "மார்க் ஈஸியா வர்றத எடு" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு மாணவி, லாஸ்பேட்டை

பதில்: கணக்கை முதலில் பார்த்துவிடு கண்ணு. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 டிசம்பரில் வெளியிட்ட வரையறைப்படி மூன்று வருடப் பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட், அதாவது பாடங்களின் கனத்தைக் காட்டும் புள்ளிகள். அதில் மேஜருக்கு மட்டும் 60. பல்துறைப் பாடங்களுக்கு 9, அதாவது 3 கிரெடிட் வீதம் மூன்று பாடம். 120இல் 9 என்பது ரொம்பக் குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் மார்க்குக்காகக் கொடுத்துவிடாதே.

இந்த விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மேஜர், மைனர் (துணைப் பாடம்) பக்கத்தில் நீ பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டதை இங்கே மறுபடி எடுக்க முடியாது. தெரிந்ததையே திரும்ப எழுதி மார்க் வாங்குகிற வழியை அடைத்திருக்கிறார்கள். சரியான வேலை.

எதை எடுப்பது என்று கேட்டால், முதலில் யார் நடத்துகிறார் என்று பார். சீனியர்களிடம் "மார்க் போடுவாரா" என்று கேட்காமல் "வகுப்பில் யாராவது கேள்வி கேட்பார்களா" என்று கேள். கல்லூரி அனுமதித்தால் மூன்றில் இரண்டை ஒரே திசையில் எடு. மூன்றையும் மூன்று மூலையில் எடுத்தால் மூன்றிலும் வாசலோடு திரும்பி வர வேண்டியிருக்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்றால் இன்ஜினீயரிங்தான் நம் நினைவுக்கு வரும். அங்கே பட்டம் வாங்க எல்லா மாணவரும் இலக்கியம், கலை, சமூக அறிவியல் பக்கத்தில் 8 பாடம் முடிக்க வேண்டும், அவற்றில் மூன்று நான்கு ஒரே துறையில் இருக்க வேண்டும். நீச்சல் தேர்விலும் தேற வேண்டும். அந்த நீச்சல் விஷயத்தைப் படித்தபோது கடற்கரையிலேயே பிறந்து நீச்சல் தெரியாத என் மாணவிகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கேள்வி: இந்த முறை எல்லாம் வெளிநாட்டைப் பார்த்துக் காப்பி அடித்ததுதானே? நம் காலத்தில் இது ஏது?
– ஓய்வுபெற்ற எழுத்தர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நம் காலத்திலும் இருந்தது ஐயா, பெயர்தான் வேறு. எந்தப் பட்டம் படித்தாலும் பார்ட் ஒன்னில் தமிழ், பார்ட் டூவில் ஆங்கிலம், மேஜரோடு துணைப் பாடமாக அல்லைடு என்று நாம் படிக்கவில்லையா? கெமிஸ்ட்ரி மேஜரான நான் நான்கு செமஸ்டர் படித்த தமிழ்தான் இன்றைக்கு இந்தப் பகுதியை எழுத வைக்கிறது.

வெளிநாட்டிலும் இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட், விரும்பியதைப் படித்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த லோவெல், ஒரு துறையில் ஆழமாகவும் மற்றத் துறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகவும் படிக்க வேண்டும் என்று கட்டினார். கொலம்பியா பல்கலைக்கழகம் முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், சமகால நாகரிகம் பற்றி ஒரு பொதுப் பாடத்தைத் தொடங்கியது. பிரவுன் பல்கலைக்கழகமோ 1969இல் இப்படிப்பட்ட கட்டாயங்களையே எடுத்துவிட்டது. இன்றுவரை அவரவர் வழியில்தான் போகிறார்கள்.

நம் நாட்டில் சுதந்திரம் வந்த அடுத்த வருடமே அமைந்த ராதாகிருஷ்ணன் குழு, 1949 அறிக்கையில் பொதுக்கல்வியைப் பற்றி விரிவாகப் பேசியது. தொழிலுக்கு மட்டும் ஆள் தயாரித்தால் போதாது, வாக்குரிமை பெற்ற குடிமக்களாகவும் இந்தப் பிள்ளைகள் வாழ வேண்டும் என்ற கவலை அன்றைக்கு நிஜமாகவே இருந்தது. அதனால் இதைக் காப்பி என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: இ.வி.எஸ். பேப்பருக்கு கைடு படித்தால் போதாதா?
– பி.ஏ. மாணவர், பண்ருட்டி

பதில்: பாஸ் ஆவதற்குப் போதும் தம்பி. ஆனால் அந்தப் பாடம் சும்மா வரவில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால்தான் எல்லாப் பட்டப் படிப்புக்கும் சுற்றுச்சூழல் பாடம் வந்தது. நீ பண்ருட்டிக்காரன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது உங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நான் நேரில் பார்த்தேன். உன் வீட்டுப் பெரியவர்களிடம் நான்கு கேள்வி கேள்: எத்தனை மரம் போனது, மறுபடி என்ன வைத்தார்கள், காய்க்க எத்தனை வருடம் ஆனது, அதுவரை எதை வைத்துச் சாப்பிட்டார்கள். அதை நான்கு பக்கம் எழுதி உன் ஆசிரியரிடம் கொடு. கைடை அதற்கப்புறம் படிக்கலாம்.

கேள்வி: நான் வரலாற்றுத் துறையில் கெஸ்ட் லெக்சரர். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு இந்திய வரலாறு அறிமுகப் பாடம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் கவனிப்பதில்லை. என்ன செய்வது?
– ஒரு விரிவுரையாளர், பாகூர்

பதில்: தம்பி, மற்ற எல்லாக் கடிதங்களையும்விட உங்கள் கடிதத்தைத்தான் அதிகத் தடவை படித்தேன். இந்தப் பாடங்கள் உருப்படுவதும் வீணாவதும் உங்களைப் போன்றவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் பணியில் இளையவருக்கு, மிச்சம் விழுந்த வகுப்பாக, மதியம் கடைசி பீரியடில் இதைத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு கல்லூரியில் நான்கு துறைப் பிள்ளைகள் 160 பேரை ஒரே ஹாலில் உட்கார வைத்து, மைக்கில் நோட்ஸ் வாசித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகளுக்குச் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. அதைப் பார்த்து எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

முதல் வருடம் நானும் தவறுதான் செய்தேன். பி.எஸ்சி. முதலாண்டுப் புத்தகத்தையே எடுத்து, கஷ்டமான பக்கங்களை நீக்கிவிட்டு, அணு அமைப்பிலிருந்து ஆரம்பித்தேன். தமிழ் இலக்கியம் படிக்க வந்த பிள்ளை எலக்ட்ரான் அடுக்கை எழுதிப் பழகி என்ன செய்யும்? மேஜர் மாணவருக்கு அது அஸ்திவாரம், அதன் மேல் மூன்று வருடம் கட்டப் போகிறார். இந்தப் பிள்ளைகளோ நம் துறைக்கு ஒரே ஒரு தடவைதான் வருகிறார்கள். வந்தவர்கள் எங்கள் துறையில் ஒரு விஷயத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதைத் தங்கள் கையால் ஒரு முறையாவது செய்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அப்படி யோசித்த பிறகுதான் தண்ணீர் பாட்டில் என் வகுப்புக்கு வந்தது. முழு செமஸ்டருக்கும் நான் வைத்துக்கொண்டவை தண்ணீர், சோப்பு, உப்பு, உரம் என்று நான்கே பொருள்கள்.

பழைய துறைமுக ஊரான அரிக்கமேடு உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சிந்துவெளி தொடங்கி சுதந்திரம் வரை ஓடாதீர்கள், அரிக்கமேட்டிலேயே நான்கு வாரம் நில்லுங்கள். 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது நம் ஊர்ப் பானை ஓடுகளோடு இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் வகை ஓடுகளும் கிடைத்தன. அந்த இத்தாலியப் பாண்டம் எந்தக் காலத்தது என்பது முன்பே தெரியும். அப்படியானால் அதே மண் அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைக்கும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாததை அளக்கிற இந்த வேலை கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்கு உடனே பிடிபடும். பிடிபட்ட பிறகு அடுத்த வாரம் இதைச் சொல்லுங்கள்: 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற தொல்லியல் அறிஞர் அங்கே மறுபடி தோண்டி, வீலர் போட்ட கால வரிசையைத் திருத்தினார். புத்தகத்தில் அச்சடித்ததை எப்படித் திருத்த முடியும், யார் திருத்தலாம், எதைக் காட்டித் திருத்த வேண்டும் என்று அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள். அந்தக் கேள்வி வந்த அன்றைக்குப் பாடத்திட்டம் எத்தனை யூனிட் பாக்கி என்று பார்க்காதீர்கள்.

முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைக் காட்டிவிடுங்கள், பிறகு இடத்துக்குக் கூட்டிப் போங்கள். கீழே கிடக்கிற ஓட்டை யாரும் எடுத்துப் பையில் போடக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். வினாத்தாளில் இதற்கு இரண்டு கேள்வி ஒதுக்குங்கள், துறைத் தலைவர் ஏன் வெளியே போனீர்கள் என்று கேட்டால் எடுத்துக் காட்ட உதவும். ஆற்றங்கரையாக இருந்தாலும் பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.