ஏர் ரைபிள் குறி தவறுகிறதா? கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்திலிருந்து: அண்ணா, ஸ்பிரிங் ஏர் ரைபிள் வைத்திருக்கிறேன். பத்து மீட்டரிலேயே பெல்லட் (ஈயக் குண்டு) ஆளுக்கொரு பக்கம் போகிறது. பேரலை மாற்றணுமா?

பேரல் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரை எடுங்க தம்பி. உள்ளே ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ளி, காற்றை அழுத்தித்தான் பெல்லட்டைத் துரத்துகிறது; அதனால் ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைக்கும், முன்னாலும் இழுக்கும். அந்த ஆட்டத்தில் கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தளர்ந்துவிடும். ட்ரிகர் வளையத்துக்குப் பக்கத்தில் இருப்பதையும் முன்கட்டையின் இரண்டு ஓரத்தில் இருப்பதையும் முறுக்கிப் பாருங்க. மரம் நசுங்கும் அளவுக்கு வேண்டாம். ஸ்கோப் இருந்தால் அதன் வளையங்களையும் பாருங்க. என்னிடம் வரும் ரைபிள்களில் பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும்.

அப்புறம் பிடி. பெல்லட் பேரலை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே துப்பாக்கி அசையத் தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் துள்ளும். இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் சும்மா படுக்க வையுங்க. மதில் சுவரில் சாய்த்துச் சுடவே சுடாதீங்க.

கடைசியாக பெல்லட். டப்பாவில் 4.5 மி.மீ. என்றுதான் போட்டிருக்கும், தலையின் அளவு 4.49, 4.50, 4.52 என்று மாறும். மூன்று வகை வாங்கி, வகைக்கு ஐந்தாகத் தாளில் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்க. விலை அதிகமானதுதான் ஜெயிக்கும் என்றில்லை. பாவாடை, அதாவது விரிந்த பின்பக்கம், நசுங்கிய பெல்லட்டை ஒதுக்கிவிடுங்க.

முத்தியால்பேட்டையிலிருந்து: சுட்டால் புகை வருகிறது, வெடிச்சத்தம் கேட்கிறது. பவர் கூடிவிட்டதா சார்?

எண்ணெய் விட்டிருப்பீங்க! தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, காற்று அழுந்தும் அறைக்குள் போனால் அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும், காற்று கசியாமல் தடுக்கும் பிஸ்டன் சீல் கருகும். பேரலைத் துணியால் இழுத்துத் துடையுங்க, எண்ணெய் தீரும்வரை புகை வரும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: கடல் காற்றில் துரு பிடிக்கிறதே?

வெளிப்புற இரும்பை மட்டும் லேசான எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்க. ஸ்பாஞ்சு வைத்த உறையில் மாசக்கணக்கில் பூட்டி வைக்காதீங்க, ஈரம் அங்கேதான் தங்கும்.

வில்லியனூரிலிருந்து: மாமாவிடம் லைசென்ஸ் உள்ள செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் இருக்கிறது. ட்ரிகரை வீட்டிலேயே அரம் போட்டு லேசாக்கலாமா?

கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றி அமைக்கவும் தனி உரிமம் வேண்டும். மாமா வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குப் போதாது. சட்டம் கிடக்கட்டும், ட்ரிகரை இழுக்கும்வரை வெடிக்காமல் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்தால் விரல் படாமலே வெடிக்கும். உரிமம் உள்ள கடையில் கொடுங்க.

நெல்லிக்குப்பத்திலிருந்து: என் பெண்ணுக்கு ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் மாதிரி வரணும் என்று ஆசை. இந்த ஸ்பிரிங் ரைபிள் போதுமா ஐயா?

இளவேனில் நம்ம கடலூரில் பிறந்த பெண்ணாச்சே, ஆசை நியாயம்தான்! பழக ஆரம்பிக்க இது போதும்மா. ஆனால் போட்டியில் அடைத்த காற்றில் ஓடும் ரைபிள், உதைப்பே தெரியாது. ஸ்கோப்புக்கும் அனுமதி இல்லை. இலக்கில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மி.மீ. பொட்டுதான். எனவே ரைபிளுக்குச் செலவழிக்கும் முன் ஒரு பயிற்சியாளரிடம் நிற்கும் விதத்தைக் கற்றுக்கொள்ளட்டும்.

லாஸ்பேட்டையிலிருந்து: பெல்லட் போடாமல் சும்மா சுட்டுப் பழகலாமா?

ஸ்பிரிங் துப்பாக்கியில் வேண்டாம். காற்றுத் தடுப்பு இல்லாமல் பிஸ்டன் நேராக முட்டி சீல் உடையும்.