79 வந்த பிறகு புளூ பில் பேசாவிட்டால்

புளூ பில் என்பது எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள சிறு போர்டு. சீரியல் வழியாக அதில் நிரல் ஏற்றும்போது இப்படி நின்றால், பாரிட்டியை (பிழை கண்டுபிடிக்க ஒவ்வொரு பைட்டோடும் சேரும் கூடுதல் பிட்) ஈவன் ஆக்குங்கள். தொடக்க பைட்டான 7எஃப்-க்கு (எண்களெல்லாம் ஹெக்ஸில்) போர்டு 79, அதாவது ‘சரி’ என்று தந்துவிட்டு, அடுத்து கட்டளைப் பட்டியலைக் கேட்கும் 00, எஃப்எஃப் அனுப்பினால் வாயே திறப்பதில்லை என்கிறீர்களே, காரணம் பெரும்பாலும் இதுதான். எஸ்டிஎம்32எஃப்103-இன் பூட்லோடர் (நிரல் ஏற்ற சிப்பிலேயே இருக்கும் சிறு நிரல்) 8 பிட், ஈவன் பாரிட்டியில் பேசும். பைதானின் சீரியல் நூலகமான பைசீரியல், நாம் சொல்லாவிட்டால் பாரிட்டி இல்லாமல்தான் திறக்கும்.

அப்புறம் 79 மட்டும் எப்படி வந்தது? 7எஃப்-இல் ஏழு ஒன்றுகள்; ஈவன் என்றால் மொத்தம் இரட்டைப்படையாக வேண்டும், எனவே பாரிட்டி பிட்டும் 1. பைட்டின் முடிவைக் காட்டும், எப்போதும் 1 ஆக இருக்கும் உங்கள் ஸ்டாப் பிட்டே அந்த இடத்தில் உட்கார்ந்து தப்பித்துவிடுகிறது. 00-க்கு அது 0 ஆக இருக்க வேண்டும், அங்கே மாட்டிக்கொள்கிறது. நல்ல கண்ணாமூச்சி!

மாற்றியபின் ரீசெட்டை அழுத்தி, 7எஃப்-ஐ ஒரே முறை அனுப்பி, பிறகு 00, எஃப்எஃப் அனுப்புங்கள். 79-உம் கட்டளைப் பட்டியலும் வர வேண்டும்.

எழுதும்போது 1எஃப் (‘மறுப்பு’) வந்தால், சிப்பில் இருப்பதைப் படிக்கவிடாத பூட்டான ரீட்அவுட் ப்ரொடெக்‌ஷன் இருக்கலாம். அதை நீக்கினால், நிரல் இருக்கும் நினைவகமான ஃபிளாஷ் முழுதும் அழிந்துவிடும், பழைய நிரல் தேவையென்றால் தொடாதீர்கள்.