பீர் கடையில் ம்பிரா: கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜிம்பாப்வே பாடகர் தாமஸ் மாப்ஃபூமோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர் பாட்டுகளைத் தேடிக் கேட்டேன். பிடித்திருந்தது. பிறகு அவற்றுக்கு மூலமான ம்பிரா இசையையும், அதாவது பலகையில் பொருத்திய உலோகப் பட்டைகளை விரலால் மீட்டும் வாத்தியத்தின் இசையையும், கேட்டேன். அங்கேதான் சங்கடம். முன்னோர் ஆவியை அழைக்க இரவு முழுக்க வாசித்த இசையை எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் வைத்து பீர் கடையில் ஆடுகிற பாட்டாக மாற்றிவிட்டார்களே, மூலம் கெட்டுப்போகவில்லையா? ‘இன்றைய தலைமுறைக்காக’ என்று சொல்லி நாட்டார் பாடல்களை எடுத்துக்கொள்வதே ஒருவகைச் சுரண்டல்தானே?

க., திருச்சி

அன்புள்ள க.,

சுரண்டல் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அது உண்டு, ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. 1939இல் ஜோஹன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் ‘ம்பூபே’ என்ற தன் சொந்தப் பாட்டைப் பதிவுசெய்தார். உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் அதை யாரும் எழுதாத ஆப்பிரிக்க நாட்டார் பாட்டு என்று எண்ணிப் பாடினார்கள். 1961இல் வேறு ஆங்கில வரிகளோடு டோக்கன்ஸ் குழு பாடி அது உலகம் முழுக்கப் போனது. டிஸ்னியின் ‘லயன் கிங்’ படத்திலும் வந்தது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். வாரிசுகள் வழக்குப் போட்டு, 2006இல்தான் சமரசம் ஆனது. பாட்டை மாற்றினார்கள் என்பதல்ல அங்கே குற்றம். பாட்டுக்காரனையே அழித்துவிட்டார்கள்.

சரி, இனி மாப்ஃபூமோ.

நீங்கள் கேட்ட ம்பிரா பதிவை மூலம் என்கிறீர்கள். அது யாரோ ஒருநாள் வாசித்த வாசிப்பு, அவ்வளவுதான். ம்பிரா வாசிக்கும் ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களுடைய பழைய பாடல்களில் நன்றாக அறியப்பட்ட ‘நெமாமுசாசா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கிளை வெட்டித் தற்காலிகக் குடில் போடுவதைக் குறிக்கும் பெயர். திரும்பத் திரும்பச் சுழலும் ஒரு சிறு மெட்டுதான் பாட்டின் உடம்பு. பலகையில் பொருத்திய இருபதுக்கும் மேற்பட்ட உலோகப் பட்டைகளை இரண்டு கட்டைவிரல்களாலும் வலது ஆள்காட்டி விரலாலும் மீட்டுவார்கள். ஒருவர் வாசிக்கும் பகுதிக்கு குஷாவுரா என்று பெயர். அதன் இடைவெளிகளில் புகுந்து இன்னொருவர் வாசிப்பது குட்சினிரா. இரண்டும் பின்னும்போது, இருவருமே தனியாக வாசிக்காத மூன்றாவது மெட்டு ஒன்று காதில் விழும். பாடகர் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார். பழமொழி, ஊர் வம்பு, குடும்பத் துக்கம் என்று அன்றைக்கு வாயில் வருவதுதான் வரிகள். ஆளுக்கு ஆள் வாசிப்பு வேறு. இதில் எதைக் கெடாமல் பூட்டிவைப்பது?

அப்புறம், பீர் கடை என்று முகம் சுளிக்கிறீர்கள். முன்னோர் ஆவியை அழைக்கும் அந்த இரவுச் சடங்குக்கு ‘பிரா’ என்று பெயர். அதற்கென்றே தானியத்தில் பீர் காய்ச்சுவார்கள். கூட்டம் கைதட்டிப் பாடி ஆடவில்லை என்றால் சடங்கே ஓடாது. வாய்மூடிக் கேட்கும் பயபக்தி நாம் கச்சேரி அரங்கிலிருந்து கொண்டுபோனது.

மாப்ஃபூமோ தொடக்கத்தில் ராக், சோல் என்று வெளிநாட்டுப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தவர்தான். 1970களின் தொடக்கத்தில் மங்குரா செப்புச் சுரங்கத்தில் தொழிலாளர்களை மகிழ்விக்க வைத்திருந்த ஒரு பேண்டில் சேர்ந்தார். அங்கே ஜோஷுவா டூபே என்ற கிட்டாரிஸ்ட் ம்பிரா மெட்டுகளைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். பிறகு ஜோனா சித்தோலே அதை இன்னும் கூர்மையாக்கினார். உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள்மேல் வைத்து அமுக்கி மீட்டினால் நாதம் நீளாமல் சட்டென்று உலர்ந்து நிற்கும், உலோகப் பட்டையைத் தட்டியதுபோல. ஒரு கிட்டாரின் இடைவெளியில் மற்றது நுழையும். கனத்த பட்டைகளின் வேலையை பாஸ் கிட்டார் எடுத்துக்கொண்டது. ‘ஹோஷோ’ என்ற சுரைக்குடுக்கைக் கிலுக்கின் தாளம் டிரம்ஸில் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டுக்குப் போனது. வாத்தியம் மாறியும் பின்னல் அப்படியே இருக்கிறது. மின்வாத்தியம் சேர்த்துவிட்டு நாட்டார் இசை என்று விற்கும் பல முயற்சிகளில் இந்தப் பின்னல்தான் இருப்பதில்லை. மேல்மெட்டை மட்டும் உருவி எடுத்திருப்பார்கள்.

இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ம்பிராப் பலகையில் சிப்பிகளோ சோடா மூடிகளோ கட்டியிருப்பார்கள், ஒவ்வொரு சுரத்தோடும் ஒரு கரகரப்பு வரும். வாசிப்பவர்களுக்கு அது இல்லாத ம்பிரா வெறும் பலகை. கிட்டாரில் அது போய்விட்டது. 1980களின் நடுவில் மாப்ஃபூமோ ம்பிரா கலைஞர்களையே மேடையேற்றினார். ஆனாலும் கிட்டார் மட்டும் உள்ள பழைய பதிவுகள்தான் எனக்கு ஒரு படி மேல். அதில் விரல்களுக்கு வேலை அதிகம்.

காலத்தையும் பாருங்கள். ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், வெள்ளையர் ஆட்சிக்கு எதிராகப் போர் நடந்துகொண்டிருந்தது. போராளிகள் ஆவி இறங்கும் சாமியாடிகளிடம் யோசனை கேட்டார்கள். 1896இல் தொடங்கிய முதல் கிளர்ச்சிக்காக 1898இல் தூக்கிலிடப்பட்ட நெஹாண்டா சாமியாடி அவர்களுக்குப் போர்த்தெய்வம்போல. அந்தக் கிளர்ச்சியின் பெயரான ‘சிமுரெங்கா’வைத்தான் மாப்ஃபூமோ தன் இசைக்கு வைத்தார். ‘பிள்ளைகளைப் போருக்கு அனுப்பு’ என்று பாடினார். 1979இல் அரசு பிடித்து அடைத்துவைத்தது. முன்னோரை உதவிக்கு அழைக்கும் பாட்டு பீர் கடையிலும் அதே வேலையைத்தான் செய்தது. விடுதலைக்குப் பிறகு 1989இல் சொந்த அரசையே ‘கரப்ஷன்’ என்று பாடினார், அது வேறு கதை.

மாப்ஃபூமோவின் ‘ஹொகோயோ’ தொகுப்பை ஹெட்போன் போட்டு இன்னொரு முறை கேளுங்கள். குரலை விட்டுவிட்டு, ஒரு கிட்டார் எங்கே விடுகிறது, இன்னொன்று எங்கே பிடிக்கிறது என்று மட்டும் தொடருங்கள். அதற்குப் பிறகும் கெட்டுப்போனதாகவே பட்டால் எழுதுங்கள், சண்டை போடலாம்.