வெயில் ஏறுமுன் (கடிதமும் பதிலும்)

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சென்னையில் ஆறு வருஷம் இருந்துவிட்டு இப்போது பாளையங்கோட்டைக்கே குடிவந்துவிட்டோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. அங்கே ஞாயிறு என்றால் பெசன்ட் நகர் கடற்கரை, கிண்டி சிறுவர் பூங்கா, மழை வந்தால் ஏதாவது ஒரு மால். இங்கே வந்ததும் பாபநாசம், மணிமுத்தாறு, குற்றாலம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினோம். பாதி வழியிலேயே பிள்ளைகள் வாந்தி, ராத்திரி காய்ச்சல். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் எங்கேதான் போவது?

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு காலையில் ஓர் இடம் போதும். சென்னையில் சாயங்காலம் கடற்காற்று வந்துவிடும், நான்கு மணிக்குக் கிளம்பினாலும் சமாளிக்கலாம். இங்கே சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கே தார்ரோடு காந்தும். பாறையில் ஏறிய சூடு விளக்கு வைத்த பிறகும் இறங்காது. காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள், பத்தரைக்கு வீட்டில் இருங்கள். தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கிக் காரில் போடலாம். கிளம்பும் நேரத்தில் பால் கொடுக்காதீர்கள். வளைவுகளில் முதலில் வெளியே வருவது அதுதான். முழித்துவிட்ட பிள்ளைக்கு அரை மணி முன்னால் ஒரு இட்லி போதும்.

தை முதல் பங்குனி வரை முதலில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். மூலைக்கரைப்பட்டி வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம். மற்றச் சரணாலயங்களில் பறவை எங்கோ தூரத்தில் புள்ளியாகத் தெரியும். பைனாகுலரில் ஐந்து வயதுக் கண்ணுக்கு எதுவும் அகப்படாது, அழுகைதான் வரும். இங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் வீட்டு வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. தலையை நிமிர்த்தினால் குஞ்சு வாய் பிளப்பது தெரியும். குளத்தில் இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் மிதக்கும். காரை மரத்தடியில் நிறுத்த வேண்டாம், எச்சம் பெயின்டை அரித்துவிடும். பிள்ளைகளுக்குத் தொப்பி கட்டாயம். சத்தம் போடக் கூடாது என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பறவை பதறும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. குளம் பெருகாத வருஷம் பறவை தங்காது, அந்தப் பக்கத்து ஆட்களிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, தாமிரபரணி ஆற்றில் குளியல். இதற்குக் கார் வேண்டாம். செங்கோட்டை பாசஞ்சரில் அம்பாசமுத்திரம் போங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை, அதற்கு மேல் அரை டிக்கெட். இடப்பக்க ஜன்னல் பிடித்தால் சேரன்மகாதேவி தாண்டியதிலிருந்து மலை கூடவே வரும். கல்லிடைக்குறிச்சி விட்டதும் ரயில் தாமிரபரணியைக் கடக்கும், அதுவே பிள்ளைகளுக்குப் பெரிய காட்சி. திரும்புகிற வண்டியின் நேரத்தை முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

குளிக்கும்போது நாம் செய்கிற பெரிய பிசகு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்துக்கு மேல்பக்கம் நிற்பது. கால் தவறினால் பிள்ளை நம்மை விட்டு விலகித்தான் போகும். பெரியவர் எப்போதும் கீழ்பக்கம், பிள்ளை மேல்பக்கம். இழுத்தாலும் நம் காலில் வந்து முட்டும். தண்ணீர் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் வேண்டாம். மணல் அள்ளிய இடங்களில் இரண்டடி தள்ளி ஆளை முழுங்கும் குழி இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. ஊர்ப் பெண்கள் துவைக்கிற, பெரியவர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும் இறங்குங்கள். கல்லில் பாசி பச்சையாகத் தெரிந்தால் அங்கே கால் வைக்கக் கூடாது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே மழை பெய்திருக்கிறது அல்லது அணையில் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். துணியைக்கூட எடுக்காமல் கரையேறிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைகளோடு ஆற்றுக்கே போக வேண்டாம். பாபநாசம் கோயில் துறையில் பரிகாரம் என்று விட்டுப்போன துணிகள் காலில் சுற்றும், அங்கேயும் வேண்டாம். சாக்கடை கலக்கிற டவுன் பகுதித் துறைகளும் பிள்ளைகளுக்கு ஆகாது.

குற்றாலத்துக்கு சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள், வரிசையிலேயே பிள்ளைகள் துவண்டுவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஓர் இளம்பையனைக் கொண்டுபோனது. அருவிக்கரையில் மேகம் கறுத்தால் விலகி நில்லுங்கள். மகன் நான்கு வயது தாண்டட்டும், ஒரு வேலை நாளில் லீவு போட்டுக் கூட்டிப் போங்கள்.

வெயில் காலத்துக்கு, கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையம். 1987இலிருந்து இருக்கிறது, வீட்டிலிருந்து பக்கம். உள்ளே இருப்பவற்றைக் காலையிலும், தோட்டத்தில் இருக்கும் இரும்புச் சாமான்களை நான்கரைக்கு மேலும் காட்டுங்கள். மதியம் தொட்டால் கை சுடும். ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளத்துக்கு அடியில் முதுமக்கள் தாழிகளை அகழ்ந்த குழியோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். அதன்மேல் நடந்து பார்ப்பது மகளுக்குப் பிடிக்கும். மகனுக்கு அங்கே வேலையில்லை.

கட்டுச்சோற்றில் ஒரு விஷயம். காய்ச்சலுக்கு வெயில் மட்டுமே காரணமாக இருக்காது. கடைத் தண்ணீரும் சூட்டோடு மூடிய டப்பாச் சோறும் வயிற்றைக் கெடுக்கும். ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து, மசித்து, முழுக்க ஆறவிடுங்கள். காய்ச்சி ஆறிய பால் இரண்டு டம்ளர், தயிர் இரண்டு கரண்டி, உப்பு கொஞ்சம். தயிரை அதிகம் விட்டால் எட்டு மணிக்கே புளித்துவிடும். பாலாக இருந்தால் பிள்ளைகளுக்குப் பசிக்கிற நேரத்தில் பதமாக உறைந்திருக்கும். ஆவி அடங்காமல் டப்பாவை மூடினால் வேர்த்து நீர்விட்டு நூல் கட்டும், அதைப் பெரியவர்கள்கூடச் சாப்பிடாதீர்கள். வெந்நீரை ஆறவைத்து ஆளுக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். மணிமுத்தாறு பக்கம் போகும் நாளில் வனத்துறைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கை வாங்கிவைத்துவிடுவார்கள்.