ஞாயித்துக்கிழமை யாரும் வர வேணாம்

கேள்வி: வயசு 52, பாண்டிச்சேரி முத்தியால்பேட்டைல கடை வச்சிருக்கேன். போன வருஷம் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க. நல்லதே நெனைங்க, ஒடம்பு தேறும்னு டாக்டரும் பொண்ணும் சொல்றாங்க. எனக்கு அது வரல, அப்பாவும் 56ல இப்படித்தான் போய்ட்டாரு, எங்க ரத்தமே அப்படி. பொண்ணு பி.எஸ்ஸி. ரெண்டாவது வருஷம், நான் இருக்கும்போதே முடிச்சிடலாம்னு ஜாதகம் எடுத்தாச்சு, ஞாயித்துக்கிழமை பாக்க வர்றாங்க. நல்லதா நெனச்சா நெஜமாவே ஆயுசு கூடுமா?

பதில்: தம்பி, ஆயுச அப்புறம் பாப்போம். லெட்டர் முழுக்க உங்க நெஞ்சு, உங்க அப்பா, உங்க ரத்தம். ஞாயித்துக்கிழமை வர்றவங்களப் பத்தி அந்தப் புள்ள என்ன சொல்லுச்சுன்னு ஒரு எழுத்து இருக்கா? கேட்டீங்களா மொதல்ல? "நான் இருக்கும்போதே"ன்னு எனக்கு எத்தனையோ லெட்டர் வந்திருக்கு, பொண்ணு படிப்ப பாதில நிறுத்தி கட்டிக் குடுத்துட்டு அப்பா அதுக்கப்புறம் இருபது வருஷம் நல்லா நடமாடுன வீடெல்லாம் எனக்குத் தெரியும், அந்தப் பொண்ணுங்களும் எழுதியிருக்காங்க. உங்க பயத்துக்கு அந்தப் புள்ள ஏன் வெல குடுக்கணும்? கல்யாணம் பண்ணி வைக்கிறது அப்பன் கடமைதான், இல்லங்கல, ஆனா டிகிரிய முடிக்க விடறது அதுக்கு முன்னாடி வர்ற கடமை.

இப்போ ரத்தம். இரட்டைப் புள்ளைங்கள வச்சுப் பண்ண ஆராய்ச்சில நம்பிக்கையா இருக்குற சுபாவம் பரம்பரையா வர்றது சுமாரா கால் பங்குதான்னு தெரிஞ்சுது, அதனால எல்லாத்தையும் அப்பா தலைல போடாதீங்க. 2019ல அமெரிக்காவுல 70,000 நர்சுங்க, 1,400 முன்னாள் ராணுவக்காரங்க கணக்க வச்சுப் பாத்தப்போ நம்பிக்கை ரொம்ப இருந்தவங்க ரொம்பக் கம்மியா இருந்தவங்கள விட சராசரியா 11லேர்ந்து 15 சதவீதம் கூடுதலா வாழ்ந்திருக்காங்க. நெனப்பு மட்டுமே ஆயுச நீட்டுச்சுன்னு அதுக்கு அர்த்தம் பண்ணிக்காதீங்க. அப்படிப்பட்டவங்க நடக்குறாங்க, சிகரெட் கம்மியா குடிக்கிறாங்க, அதுவும் அதுல சேர்ந்திருக்கு. நாளைக்கும் இருப்போம்னு நெனக்கிறவன்தானே இன்னைக்கு மாத்திரைய மறக்காம போடுவான்?

நம்ம பீச் ரோட்ல காலைல ஏழரை வரைக்கும் வண்டியே விடமாட்டாங்க, டாக்டர்கிட்ட எவ்ளோ தூரம்னு கேட்டுக்கிட்டு அங்க போய் நடங்க, பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி இன்னைக்கே மாப்ள வீட்டுக்குப் போன் போட்டு ஞாயித்துக்கிழமை வர வேணாம்னு சொல்லிடுங்க. நடக்கும்போது, எம்.எஸ்ஸி. எங்கம்மா படிக்கப் போறன்னு நீங்களே கேளுங்க.