எதை விட்டால் வலிக்காது?

கேள்வி: எனக்கு வயது 44. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கிற வேலை. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சர்க்கரை அளவைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி 6.0 என்று வந்தது. ரத்த அழுத்தம் 136/86. "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றிப் பாருங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்ப டெஸ்ட் எடுக்கலாம்" என்றார் டாக்டர். தினமும் ஐந்து டீ குடிப்பேன், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அன்றைக்கே டீ, சர்க்கரை, பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், பொரித்தது என்று எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நிறுத்தினேன். இரண்டாம் நாளே மண்டையைப் பிளக்கிற தலைவலி. பத்தாம் நாள் ராத்திரி ஒரு டப்பா ஐஸ்கிரீமை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டேன். எனக்கு மன உறுதி கிடையாது என்று தெரிந்துபோனது. ரொம்பக் கஷ்டப்படாமல் விடக்கூடியது என்று ஏதாவது உண்டா? என் கணவர் சிகரெட் பிடிப்பார். அதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மன உறுதியை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தத் தலைவலி. அது பெரும்பாலும் காஃபீன் செய்த வேலை. தினமும் ஐந்து டீ குடித்துப் பழகிய உடம்புக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் எல்லாம் வரிசையாக வரும். ஒரு வாரம்வரைகூட நீடிக்கும். நீங்கள் சண்டையை ஆரம்பித்ததே தப்பான எதிரியோடு. உங்கள் சர்க்கரை அளவுக்கு டீ காரணமில்லை, டீயில் விழுகிற சர்க்கரைதான் கவலை.

கணக்கைப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். ஐந்து டீக்குப் பத்து ஸ்பூன், அதாவது 40 கிராம். ஒரு நாளில் நாம் எடுக்கும் மொத்தக் கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பரிந்துரைத்தது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 சதவீதம் என்றால் 50 கிராம். அதில் 40 உங்கள் டீக்கே போய்விடுகிறது. நாக்கில் தித்திப்பாகக்கூட நீங்கள் அதை உணர்ந்திருக்க மாட்டீர்கள், டீ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பழகிப்போயிருக்கும்.

நான் சொல்ல வருவது இங்கேதான் இருக்கிறது. நாம் சாப்பிடுவதில் பிடித்துச் சாப்பிடுவது ஒரு பங்கு, பக்கத்தில் இருக்கிறதே என்று சாப்பிடுவது ஒரு பங்கு. ஐஸ்கிரீம் உங்களுக்குப் பிடித்தது. அதோடு மல்லுக்கட்டினீர்கள், பத்தாம் நாள் அது ஜெயித்தது. மூன்றாவது டீயில் போட்ட இரண்டாவது ஸ்பூன் சர்க்கரையையோ, மீட்டிங்கில் கை தன்னால் எடுத்த பிஸ்கட்டையோ யாராவது ஆசையாக நினைத்துப் பார்ப்பார்களா? இந்த இரண்டாவது பங்கில்தான் கை வைக்க வேண்டும். உடம்புக்கு லாபம், மனசுக்கு நஷ்டமில்லை.

டீயை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்பையிலும் அரை ஸ்பூன் சர்க்கரை மட்டும் குறையட்டும். இரண்டு வாரம் அப்படியே போகட்டும், பிறகு இன்னொரு அரை ஸ்பூன். நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்துவிடும். இரண்டு மாதத்தில் பழைய டீயைக் குடித்துப் பாருங்கள், திகட்டும். சர்க்கரைக்குப் பதில் இனிப்பு மாத்திரை போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எடையைக் குறைக்க அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. என் ஆட்சேபம் வேறு: நாக்கை அதே தித்திப்பில் கட்டிப்போட்டு வைத்தால் அது எப்போதுதான் பழகும்?

அப்புறம் குளிர்பானம். 330 மில்லி கோலா கேன் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய ஒன்பது ஸ்பூன். திரவமாக உள்ளே போவதால் வயிறு அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை, அடுத்த வேளை வழக்கம்போலவே பசிக்கும். பழச்சாறு ஆரோக்கியமானது என்று நினைக்கிறவர்கள் ஏராளம். பழத்தைப் பிழிந்ததும் அதன் நார்ச்சத்து பெரும்பாலும் சக்கையோடு போய்விடும், சர்க்கரை டம்ளரில் தங்கிவிடும். மூன்று ஆரஞ்சை உரித்துச் சாப்பிட நேரமாகும், வயிறும் நிறையும். அதே மூன்றின் சாறு நாலு மடக்கில் முடிந்துவிடும். பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள்.

இப்போது மன உறுதிக்கு வருவோம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் 20 பேரைத் தங்கவைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள், 2019-ல் அதன் முடிவு வெளியானது. இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. இரண்டு வகையிலும் எதிரில் வைத்த சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து ஒரே அளவு. வேண்டுமளவு சாப்பிடலாம். ஆலை உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ எடை ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. அதே ஆட்கள்தான், வாரத்துக்கு வாரம் அவர்கள் மன உறுதியா மாறியது? மென்மையாக, வேகமாக உள்ளே போகும்படி செய்த உணவை யார் முன்னால் வைத்தாலும் கூடுதலாகத்தான் போகும். அதனால் சிப்ஸ் பாக்கெட்டை வீட்டில் வைத்துக்கொண்டு அதைத் தொடாமல் இருக்கப் பயிற்சி எடுக்காதீர்கள். வாங்காமல் இருப்பது கடையில் ஒரு நிமிஷ வேலை. தொடாமல் இருப்பது ராத்திரி முழுக்க வேலை.

பிஸ்கட்டை விடுவதற்கு முன்னால் ஒரு தடவை பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பகுதியளவு ஹைட்ரஜனேற்றப்பட்ட எண்ணெய் என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கீழே வையுங்கள். டிரான்ஸ் கொழுப்பு இருக்கிறது என்று அர்த்தம், இதயத்துக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. சோடியத்தையும் பாருங்கள். சோடியத்தின் அளவை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. ரத்த அழுத்தம் 136/86 உள்ள உங்களுக்கு இது முக்கியம். வீட்டில் செய்யவேண்டியது ஒன்றுதான்: சாப்பாட்டு மேஜையிலிருந்து உப்பு டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வையுங்கள். ருசி பார்ப்பதற்கு முன்பே உப்புத் தூவுகிற கை ரொம்பப் பேருக்கு உண்டு. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்குவதானால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிலவகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆகாது.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். கடைசி டீயை மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள், குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம்போல ஆகும். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறவரானால் கொஞ்சம் ஆறவிடுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2016-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. சாப்பிடும்போது போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சாப்பிட்டதும் நேராக நாற்காலிக்குப் போகாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள், சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரை அதிலேயே குறையும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள், அதன் பலனைத்தான் பார்த்துவிட்டீர்களே. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தன்னிச்சையாக வர சராசரியாக 66 நாள் ஆனது. சீக்கிரமானவருக்கு 18 நாள், தாமதமானவருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. முதல் மாதம் டீச் சர்க்கரையும் உப்பு டப்பாவும் போதும். ஐஸ்கிரீமை வாரம் ஒருமுறை, வெளியே போய், ஒரு கிண்ணம், உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுங்கள். வீட்டு ஃப்ரீசரில் டப்பா வேண்டாம்.

உங்கள் கணவரின் சிகரெட்டை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. நிக்கோடின் அடிமைப்படுத்துகிற பொருள், அதை டீச் சர்க்கரை மாதிரி நினைத்து "விட்டுத் தொலையுங்களேன்" என்று நீங்கள் சொன்னால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். நிக்கோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை, மாத்திரைகள் எல்லாம் இருக்கின்றன. தனியாக முயல்வதைவிட இவற்றோடும் ஆலோசனையோடும் முயல்கிறவர்களே அதிகம் வெற்றி பெறுகிறார்கள். மதுவும் அப்படித்தான்: தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டரின் மேற்பார்வை வேண்டும். அடுத்த முறை நீங்கள் டெஸ்ட்டுக்குப் போகும்போது கணவரையும் கூட்டிப்போங்கள். ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி என்பதால், அதற்கு முன் இரண்டு நாள் பட்டினி கிடந்து பிரயோஜனமில்லை.