ஆசனவாய் வரை கிழிந்த முதல் பிரசவம்... அடுத்தது சிசேரியனா?

கேள்வி: எனக்கு வயது 29. முதல் குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ஆசனவாய் வரை கிழிந்து, தியேட்டரில் வைத்துத் தையல் போட்டார்கள். இப்போது மீண்டும் 7 மாதம். தும்மினால் சிறுநீர் கசிகிறது. வாயுவையும் அடக்க முடியவில்லை, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ‘ரெண்டாவது சுலபமா பொறந்துடும்’ என்கிறார் மாமியார். அக்கா சிசேரியன் செய்துகொள்ளச் சொல்கிறாள். எது நல்லது?

பதில்: கூச்சத்தை மீறி வாயுவைப் பற்றியும் எழுதினீர்களே, அதுவே பெரிய உதவி. பலர் சிறுநீர்க் கசிவை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்கப்போவது வாயுதான்.

தும்மும்போது சிறுநீர் கசிவது கர்ப்பிணிகள் பலருக்கும் உண்டு. வயிற்றுப் பாரமும் ஹார்மோன்களும், சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்துகின்றன. குழந்தை எந்த வழியில் பிறந்தாலும் இந்தச் சுமை இருக்கும். சிசேரியனில் பெற்றவர்களுக்குப் பின்னாளில் கசிவும் கர்ப்பப்பை இறக்கமும் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தத் தசைகளுக்குப் பெரும் பாதிப்பு முதல் சுகப்பிரசவத்திலேயே நேர்ந்துவிடுகிறது. கசிவு மட்டும் இருந்திருந்தால் சுகப்பிரசவத்துக்கே முயலுங்கள் என்றிருப்பேன்.

ஆசனவாயைச் சுற்றியுள்ள வளையத் தசைகள்தான் மலத்தையும் வாயுவையும் அடக்கி வைப்பவை. கிழிசல் அவற்றைத் தொட்டால் மூன்றாம் நிலை. மலக்குடலின் உள்சவ்வு வரை போனால் நான்காம் நிலை. தையல் ஆறிய பிறகும் வாயு அடங்கவில்லை என்றால், தசை சரியாகச் சேரவில்லையோ என்று பார்த்தாக வேண்டும். அடுத்த சுகப்பிரசவத்துக்குப் பின் இது மலத்தையும் அடக்க முடியாத நிலைக்குப் போகலாம். இத்தகைய தொந்தரவு இருப்பவர்களிடம் திட்டமிட்ட சிசேரியன் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியும் வழிகாட்டுகிறது.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். கிழிசல் எந்த நிலை என்று அதில் இருக்கும். ஆசனவாய்த் தசைகளைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். குழந்தைக்கு அதனால் பாதிப்பில்லை. தசையில் இடைவெளி தெரிந்தால், 39 வாரம் முடிந்ததும் சிசேரியன் செய்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து. தசை நன்றாகச் சேர்ந்திருந்து, வாயுத் தொந்தரவும் கடைசியில் சொல்லியிருக்கும் தசைப் பயிற்சியில் குறைந்தால் சுகப்பிரசவத்தை யோசிக்கலாம். மாமியார் சொல்வதும் பொய்யில்லை. இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் சீக்கிரம் முடியும். ஆயுதம் தேவைப்படுவதும் குறைவு.

ஏற்கெனவே இருக்கும் தொந்தரவை சிசேரியன் சரிசெய்யாது. ரத்தப்போக்கு, புண்ணில் தொற்று, காலில் ரத்தம் உறைதல் போன்ற ஆபத்துகள் அதிலும் உண்டு. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் அபாயம் ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடுகிறது. மூன்றாவது குழந்தை வேண்டும் என்று நினைத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பயிற்சியை இன்றே தொடங்குங்கள். வாயுவையும் சிறுநீரையும் அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, 8 எண்ணும்வரை பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 8 முறை, நாளைக்கு 3 வேளை. மூச்சை அடக்க வேண்டாம். தொடையும் புட்டமும் இறுகக் கூடாது. மலச்சிக்கல் இருந்தால் முக்காதீர்கள், மருந்து கேட்டு வாங்குங்கள். எடுத்த முடிவை 36 வாரத்துக்குள் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். நள்ளிரவில் வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும், டியூட்டி டாக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.